மிலாறு என்று பென்சிலில் எழுதிக்கொண்ட மியூசியம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நீலகிரி மலை மக்களின் வாழ்க்கையைச் சொல்லும் இந்தச் சின்னக் குன்னூர் மியூசியத்தின் பெயரையும் தெருவையும் இங்கே போடவில்லை. நடத்துகிறவர்களே அப்படித்தான் கேட்டுக்கொண்டார்கள். கட்டிடத்தின் தரை முழுக்கப் பழைய பலகை, ஒரே நேரத்தில் பத்துப் பேருக்கு மேல் நின்றால் அடியில் இருக்கும் விட்டம் தாங்காது. சீசனில் ஊட்டிக்குப் போகிற டூரிஸ்ட் வேன் இரண்டு வாசலில் நின்றால் போதும், வந்தவர்களைத் திருப்பி அனுப்பவும் முடியாது, உள்ளே விடவும் முடியாது. மேல் குன்னூரில் இரண்டு கடைகளில் "அந்தப் பழைய டிஸ்பென்சரி கட்டிடம், சனி ஞாயிறு திறப்பார்களே" என்று கேளுங்கள், வழி சொல்லிவிடுவார்கள். நாங்களும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தோம்.

போனது நான், என் அக்கா மகன், அப்புறம் அம்மாயி. அம்மாயிக்கு எழுபது தாண்டிவிட்டது. இலங்கையில் தலவாக்கலை பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்து, இருபது வயதில் கப்பல் ஏறி இங்கே வந்து, அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். மியூசியம் என்றதும் "எனக்கு அங்க என்னா இருக்கு, நீங்க போயிட்டு வாங்க புள்ள" என்றுதான் சொன்னார். நான்தான் விடாமல் கூட்டிப் போனேன். இப்போது யோசித்தால், அவர் வரவில்லை என்றால் இந்த விமர்சனத்தை எழுத எனக்குப் பெரிதாக ஒன்றும் இருந்திருக்காது.

கட்டிடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் தோட்டத்து மருந்தகமாக இருந்ததாம். இரண்டடி கனத்துக்குக் கல் சுவர், மேலே சுண்ணாம்புப் பூச்சு, மங்களூர் ஓடு. மழையில் உடைந்த ஓடு ஒன்றைக் கழற்றி மேஜை மேல் தலைகீழாக வைத்திருக்கிறார்கள், அதன் அடிப்பக்கம் பாசல் மிஷன் முத்திரை பொறித்திருப்பதைக் குழந்தைகள் விரலால் தடவிப் பார்க்கலாம். ஜன்னல் கண்ணாடிகள் அந்தக் காலத்தவை, உள்ளுக்குள் சின்னச் சின்னக் குமிழி, அதன் வழியாகப் பார்த்தால் எதிரே இருக்கும் தேயிலைச் சரிவு லேசாக நெளிகிறது. மருந்து கொடுக்கும் சதுரத் துவாரம் அப்படியே இருக்கிறது. அதன் பின்னால்தான் இப்போது வருகைப் பதிவேடும் உண்டியலும். டிக்கெட் கிடையாது, இஷ்டப்பட்டதைப் போடலாம். போடுங்கள், தாராளமாகப் போடுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

நடத்துகிறவர்கள் ஏழெட்டுப் பேர். ஒருவருக்கும் சம்பளம் இல்லை. நாங்கள் போன சனிக்கிழமை இருந்தவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை, நீலகிரியின் படகர் சமூகத்தைச் சேர்ந்தவர், பக்கத்து ஹட்டியில் (படகர் ஊரில்) இருந்து வருகிறவர். கூடவே ஒரு கல்லூரி மாணவி. வேறு ஊரில் ஒரு பெரிய மியூசியத்துக்குப் போயிருந்தபோது, என் அக்கா மகன் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தான் என்று காவலர் ஒருவர் போட்ட சத்தத்தில் பையன் அன்று முழுக்கப் பேசவே இல்லை. இங்கே டீச்சர் அவனைப் பார்த்ததும் முதலில் சொன்னது, "தம்பி, அந்தப் பானையைத் தூக்கிப் பாரு, எவ்வளவு கனம்னு சொல்லு." அது கோத்தர் பெண்கள் செய்த மண்பானை. அவன் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றதை நான் மறக்க மாட்டேன்.

அந்தப் பானையில் இருந்துதான் முதல் அறை தொடங்குகிறது, இந்த மலையின் பழைய குடிகள் தங்களுக்குள் பண்டம் மாற்றிக்கொண்டதைச் சொல்லும் அறை. பானையும் இரும்புக் கருவியும் கோத்தர்களிடமிருந்து, சாவுக்கும் விழாவுக்கும் வாசிக்கிற இசையும் அவர்களிடமிருந்து. நெய்யும் பாலும் தோடர்களிடமிருந்து. தானியம் படகர்களிடமிருந்து. தேனும் காட்டுப் பொருட்களும் குறும்பர்களிடமிருந்து, மந்திரக் காவலும்கூட. காசு புழங்காமல் இவ்வளவும் இந்த மலைக்குள்ளேயே கைமாறிக்கொண்டிருந்தது. இதைப் புத்தகத்தில் படித்தால் ஒரு பத்தி, டீச்சர் சொல்லிக் கேட்டால் அது வேறு. தன் பாட்டி காலத்தில் வீட்டுக்கு வந்து போன கோத்தர் குடும்பத்தைப் பற்றி, கொடுத்த தானியத்தின் அளவைப் பற்றி, எப்போது அந்த உறவு நின்றது என்பதைப் பற்றி அவர் பேசினார். ஒருவருக்கொருவர் இருந்த பயத்தையும் ஒதுக்கலையும் பற்றியும் பேசினார், எதையும் இனிக்க இனிக்க ஆக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

அதே அறையில் இரண்டு சுவர்களை ஒட்டி ஒரு நீளமான காகிதப் பட்டை ஓடுகிறது. ஒரு வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் என்று கணக்கு. ஆரம்பிப்பது 1117ல், ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்தனனின் தளபதி புணிசன் தோடர்களை மிரள வைத்தான் என்று சாமராஜநகரில் உள்ள கல்வெட்டு சொல்லும் வருஷம். அங்கிருந்து கிட்டத்தட்ட ஐந்து மீட்டர் நடந்தால் 1603, கேரளக் கரையில் இருந்து ஃபினிசியோ பாதிரியார் மலை ஏறித் தோடர்களைப் பார்த்துவிட்டுப் போகிறார். மறுபடி இரண்டு மீட்டர் நடந்தால் 1812ல் வெள்ளைக்கார சர்வேயர்கள் கீஸும் மக்மஹோனும் அளக்க வருகிறார்கள், 1818ல் கோயம்புத்தூர் கலெக்டரின் உதவியாளர்கள் விஷும் கிண்டர்ஸ்லியும், 1819 ஜனவரியில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன். ஊட்டியில் முதல் கல் வீடு, சிறுமுகையில் இருந்து மேலே வந்த குதிரைப் பாதை எல்லாம் அதை அடுத்த நாலைந்து விரல்கடைக்குள். 1868ல் கோயம்புத்தூரில் இருந்து பிரிந்து நீலகிரி தனியாகிறது. நீலகிரி வரலாறு என்றாலே சல்லிவனில் ஆரம்பித்துத்தான் எனக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே அவரிடம் போய்ச் சேரவே ஏழு மீட்டர் நடக்க வேண்டியிருக்கிறது. யாரும் பிரசங்கம் செய்யவில்லை, காகிதத்தை அளந்து ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். சல்லிவனைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். தோடர்களின் நில உரிமைக்காக மேலிடத்தோடு வாதாடிய மனிதர் அவர். கோத்தகிரிப் பக்கம் கன்னேரிமுக்கில் அவர் கட்டிய பங்களா இன்று நினைவகமாக இருக்கிறது, அதற்கும் அவசியம் போங்கள். நான் சொல்லும் இந்த இடம் வேறு, குன்னூரில் இருப்பது.

பழைய புகைப்படங்கள் இருக்கிற நடை பற்றி எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. வெள்ளைக்காரர்கள் எடுத்த படங்களின் பிரதிகள். தோடர் ஆண், குறும்பப் பெண், இருளர் குடும்பம் என்று போட்டிருக்கும், யாருக்கும் பெயர் இருக்காது, நேராக ஒன்று பக்கவாட்டில் ஒன்று என்று ஆட்களை ஏதோ செடிகளைப் போல எடுத்திருப்பார்கள். ஆனால் கிட்டப் போய்ப் பார்த்தால், ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஒரு வெள்ளைச் சீட்டு. "இவரைத் தெரியுமா?" என்று எழுதி ஒரு கோடு. வருகிறவர்கள் அடையாளம் தெரிந்தால் எழுதலாம். அதை வைத்து மாணவி அந்தந்த ஊருக்குப் போய்க் கேட்டு உறுதி செய்துகொண்டு வருவாராம். இதுவரை மூன்று சீட்டு நிரம்பியிருக்கிறது. மூன்றுதானா என்று தோன்றும். பெயரே இல்லாமல் நூறு வருஷத்துக்கு மேல் தொங்கிய முகங்களில் மூன்று பேருக்குப் பேரன் பேத்திகள் வந்து பெயர் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். சரி, இருந்தாலும் குறும்பர், இருளர் பகுதி இன்னும் மெலிவாகத்தான் இருக்கிறது. கோத்தகிரி பக்கம் வெள்ளரிக்கொம்பையில் பாறை ஓவியமே இருக்கிறது, இன்றும் அந்த ஊர்க் குறும்பர்கள் வரைகிறார்கள். இங்கே ஒரு தேன் குடுவையும் இரண்டு படங்களும் மட்டும் இருப்பது போதாது. டீச்சரிடமே சொன்னேன். "அவங்களே வந்து வைக்கணும்மா, நாங்களா எதையாவது வாங்கி வந்து வைக்கக் கூடாதுன்னு காத்திருக்கோம்" என்றார். காரணம் நியாயமானது. ஆனால் அதையும் ஒரு சீட்டில் எழுதி அங்கேயே ஒட்டலாம், இல்லையென்றால் பார்க்கிறவருக்கு அலட்சியம் என்றுதான் படும்.

மருந்தகக் கட்டிடம் என்பதால் சின்ன ஒரு மூலையை வைத்தியத்துக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். 1907ல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் வந்த கதை அங்கே. நாய் கடித்தால் தென்னிந்தியா முழுக்க இருந்து ஆட்கள் ரயில் ஏறிக் குன்னூர் வந்த காலம் ஒன்று இருந்தது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பயமுறுத்துவார்களே, அந்தத் தடுப்பூசியின் கண்ணாடிக் குப்பிகள் இரண்டு இருக்கின்றன. அவ்வளவுதான், ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

பின்பக்கத்து அறைதான் தேயிலை அறை. நான் இதை எழுத உட்கார்ந்ததே இந்த அறைக்காக.

கொழுந்துக் கூடைகள், நெற்றியில் மாட்டும் கயிறோடு. இடுப்பில் கட்டிக்கொள்ளும் படங்கு. தேயிலைச் செடியை வெட்டிக் கழிக்கும் கவ்வாத்துக் கத்தி, அதைத் தீட்டும் கல். தராசு. கணக்கப்பிள்ளை பேர் போட்ட பழைய செக்ரோல் (தொழிலாளர் வருகை, கூலிப் பதிவேடு) ஒன்று, பக்கங்கள் பழுப்பேறி. ஒரு தகரப் பெட்டி, மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் பெயரும் ஊரும். 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு பலகை. இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்களில் ஐந்தே கால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று கணக்குப் போட்டுப் பிரித்துக்கொண்ட ஒப்பந்தம் அது. அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத்தான் 1968ல் தமிழ்நாடு அரசு நீலகிரியில் தேயிலை நடத் தொடங்கியது, இன்று டேன்டீ என்று நாம் சொல்வது அதைத்தான். நான் பிறந்த லைன் வீடும் அதில்தான் வருகிறது. இதெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயம், ஆனால் ஒரு மியூசியத்துச் சுவரில் அதை நான் அதுவரை பார்த்ததில்லை.

அம்மாயி தகரப் பெட்டி முன்னால் ரொம்ப நேரம் நின்றார். தலைமன்னாரில் ராமானுஜம் கப்பலில் ஏற்றியது, ராமேஸ்வரத்தில் இறங்கியது, மண்டபம் முகாமில் பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்தது என்று அவர் சொல்லச் சொல்ல, அக்கா மகன் பானையைத் தூக்கியது போலப் பெட்டியையும் தூக்கப் பார்த்தான். வீட்டில் இதையெல்லாம் அவர் சொன்னதே இல்லை. கேட்டாலும் "அத விடு" என்பார்.

அப்புறம் ஒரு புகைப்படத்தின் முன்னால் போய் நின்றார். ஐந்தாறு பெண்கள், தலையில் குச்சிக் கட்டுகள், பின்னால் மொட்டையான தேயிலைச் செடிகள். கீழே "விறகு சுமக்கும் பெண்கள்" என்று எழுதியிருந்தது.

"இது விறகு இல்ல" என்றார் அம்மாயி.

டீச்சர் பக்கத்தில் வந்தார். "என்ன பாட்டிம்மா?"

"மிலாறும்மா இது. ஆம்பளைங்க கவ்வாத்து வெட்டுவாங்க, வெட்டிப் போட்ட மிலாற நாங்க பொறுக்கிக் கட்டி வீட்டுக்குக் கொண்டு போவோம். அடுப்பெரிக்கத்தான், ஆனா காட்டுல போயி வெட்டுற விறகு வேற, இது வேற. பின்னால பாருங்க, செடி மொட்டையா நிக்குது."

டீச்சர் அந்தச் சொல்லைக் கேட்டதே இல்லை என்றார். இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்து முப்பது வருஷம் பாடம் நடத்தியவர். உடனே மேஜையில் இருந்த நோட்டை எடுத்து, எழுத்தை ஒவ்வொன்றாகக் கேட்டு, "மிலாறு" என்று பென்சிலில் எழுதிக்கொண்டார். அம்மாயியின் பெயர், எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் எல்லாம் பக்கத்தில். "அடுத்த முறை வரும்போது சீட்டை மாத்தியிருப்போம்" என்றார். அதோடு விடவில்லை, பெரட்டுக்களம் (காலையில் ஆட்களைக் கூட்டிக் கணக்கெடுக்கும் இடம்), லயம், கங்காணி என்று ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு, இங்கே நீலகிரித் தோட்டத்தில் அதற்கு என்ன சொல்வார்கள், அங்கே என்ன சொல்வார்கள் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டார்கள். நான் அவர்களுக்குப் பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். கூடை நிறைய எடுத்தும் நிறுவையில் கழித்தது, அட்டை கடிக்குப் புகையிலையும் சுண்ணாம்பும் தேய்த்தது, மழை நாளில் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு மலை ஏறியது, இதையெல்லாம் ஒருவர் நோட்டில் குறித்துக்கொள்வார் என்று அம்மாயி வாழ்க்கையில் நினைத்திருக்க மாட்டார்.

இந்த இடத்தைப் பற்றி எனக்கு இருக்கும் ஒரே முடிவான கருத்து இதுதான்: வருகிறவரைப் பார்வையாளராக வைக்காமல் விஷயம் தெரிந்தவராக நடத்துகிறார்கள். அதனால் உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிப் போங்கள். தனியாகப் போனால் பாதிதான் கிடைக்கும்.

குறைகளும் இருக்கின்றன. வாசலில் ஆறு கல் படி, பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை, மழையில் பாசி வழுக்குகிறது. அம்மாயியை நானும் மாணவியும் இரண்டு பக்கமும் பிடித்துத்தான் ஏற்றினோம். பெரியவர்களின் நினைவை நம்பி நடக்கிற ஓர் இடம் முதலில் செய்ய வேண்டியது அந்தக் கம்பியைப் போடுவதுதான், மற்ற எல்லாம் அதற்குப் பிறகு. கழிப்பறை சாலைக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் வேறொரு கட்டிடத்தில். எழுத்துப் பலகைகள் பலவற்றில் ஆங்கிலம் பெரிதாகவும் தமிழ் சின்னதாகவும் இருக்கிறது, அந்தத் தமிழும் அரசாங்க நோட்டீஸ் போல விறைப்பாக. டீச்சர் வாயால் சொல்கிற தமிழையே அப்படியே எழுதி ஒட்டினால் போதும், அவ்வளவு நன்றாகப் பேசுகிறார். அப்புறம் ஈரம். குன்னூருக்கு ஐப்பசி கார்த்திகை மழைதான் பெரிது என்பது இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும், அந்த மாதங்கள் முழுக்கச் சுவர் வியர்த்துக்கொண்டே இருக்கும். இரண்டு புகைப்படங்களில் பூஞ்சை ஏறிவிட்டது. செக்ரோல் பக்கங்களின் ஓரம் பொடிகிறது. ஈரம் உறிஞ்சும் ஜெல் பைகளை வாங்கி வைக்கிறார்கள், மாதா மாதம் மாற்ற வேண்டியிருக்கிறது. ஓடு மாற்றவும் காசு வேண்டும். உண்டியலில் தாராளமாகப் போடுங்கள் என்று சொன்னது இதற்காகத்தான்.

சனிக்கிழமை ரயில் அறை திறந்திருந்தது, ஆனால் சொல்ல ஆள் இல்லை. அதற்கு உரியவர் ஞாயிறுதான் வருவார் என்றார்கள். அக்கா மகன் விடவில்லை, மறுநாளும் போனோம். அவர் மலை ரயிலில் பயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். தச்சனை வைத்துச் செய்த ஒரு மர மாதிரி இருக்கிறது, இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பல் வைத்த இரண்டு பட்டைகள். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதற்குப் பள்ளம் வருகிறபடி வைத்திருப்பதால், என்ஜினின் பல்சக்கரம் எந்த நொடியும் ஏதாவது ஒரு பல்லைக் கவ்விக்கொண்டேதான் இருக்கும் என்று அவர் கையால் உருட்டிக் காட்டினார். கல்லாறில் இருந்து குன்னூர் வரை ஏறக்குறைய பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏற்றம். என்ஜின் எப்போதும் இறக்கத்துப் பக்கம்தான் இருக்கும், ஏறும்போது தள்ளும், இறங்கும்போது தாங்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்ஸ்மேன், விசில் சத்தம் கேட்டு எல்லோரும் சேர்ந்து பிரேக் போட வேண்டும். 1899ல் குன்னூர் வரை, 1908ல் ஊட்டி வரை, 16 குகை, 250 பாலம் என்ற எண்ணெல்லாம் எங்கேயும் கிடைக்கும். நிலக்கரிக் காலத்தில் கொதிகலன் முன்னால் நின்றுகொண்டு வளைவு எப்போது வரும் என்பதைக் காலடி அதிர்வை வைத்தே தெரிந்துகொண்டதை அவர் சொன்னது வேறெங்கும் கிடைக்காது. வகுப்பில் பல்சக்கரம் பற்றிப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் இருந்தால் அவசியம் கூட்டிப் போங்கள். என் அக்கா மகன் வீட்டுக்கு வந்ததும் அட்டையை வெட்டிப் பல் செய்து பார்த்தான்.

ஞாயிறு அம்மாயியும் தானாகவே கிளம்பி வந்தார், இந்த முறை நான் கூப்பிடவே இல்லை. புடவைத் தலைப்பில் முடிந்து கொண்டுவந்தது கண்டியில் கொடுத்த பழைய இந்திய பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும். கொடுத்துவிட்டு வருவதற்கு இல்லை, காட்டுவதற்கு. மாணவி கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்து, அங்கேயே திருப்பிக் கொடுத்து, படம் எடுத்துக்கொண்டதாக ஒரு சீட்டிலும் எழுதிக் கொடுத்தாள். உங்களிடமும் இது மாதிரி ஏதாவது இருந்தால் எடுத்துப் போங்கள், பொருளைக் கேட்க மாட்டார்கள், படம் மட்டும்தான் எடுத்துக்கொள்வார்கள்.

நேரம் சனி, ஞாயிறு காலை 10 முதல் 1 மணி வரை. சீக்கிரமே போய்விடுங்கள், மதியம் மூடுபனி ஏறிவிட்டால் உள்ளே சீட்டுகளைப் படிக்க வெளிச்சம் போதாது. வண்டியை மேலேயே நிறுத்திவிட்டு நடந்து இறங்குங்கள், தேயிலை ஓரமாகக் காட்டெருமை நின்றால் அது நகரும் வரை காத்திருங்கள், ஹாரன் அடிக்க வேண்டாம். டீச்சர் இருப்பது சனிக்கிழமை, ரயில்காரர் ஞாயிறு. இரண்டு பேரையும் கேட்க வேண்டும் என்றால் இரண்டு நாளும் போக வேண்டியதுதான்.